கடையில போஸ்டர் ஒட்டலாமா, வாய மூடிட்டு இருக்கலாமா: பீடோங் மாதிரி ஊர்ல கஸ்டமர காப்பாத்த எந்த வழி தேறும்

மலேசியாவுல கெடா மாநிலத்து பீடோங்ல சின்னதா கடை வச்சிருக்கறவங்க இப்ப அடிக்கடி கேக்குற கேள்வி இது. ஊர்ல ஏதாச்சும் ஒரு பிரச்சன கெளம்புது, அது காஸாவா இருக்கலாம், கோயில் நெலமா இருக்கலாம், எலெக்‌ஷனா இருக்கலாம், மறுநாளே ஒருத்தர் வந்து "அண்ணே இந்த போஸ்டர ஒட்டி வைங்க"ம்பாரு, இன்னொருத்தர் "இந்த பிராண்ட இன்னுமா விக்கிறீங்க"னு கேப்பாரு, மூணாவது ஆளு ஒண்ணுமே கேக்காம சாமான் வாங்கிட்டு போவாரு, அப்புறம் வரவே மாட்டாரு. மொத ரெண்டு பேர் கிட்டயும் பேசி சமாளிச்சிக்கலாம். இந்த மூணாவது ஆளுதான் பிரச்சன, ஏன்னா அவரு போனது நமக்கு தெரியறதே மூணு மாசம் கழிச்சிதான்.

நான் இந்தப் பக்கத்துல கொஞ்சம் கடைங்களுக்கு கணக்கு எழுதிக் குடுக்கறவன். மளிகை, சாப்பாட்டுக் கடை, பூக்கடை, ஒரு டயர் கடைனு கலந்து இருக்கு. அதனால தவுக்கே, அதாவது கடை மொதலாளி, என்ன பேசறாருங்கறத விட மாசக் கடைசியில கல்லாவுல என்ன இருக்குனுதான் மொதல்ல என் கண்ணுக்குத் தெரியும். அத வச்சி சொல்றேன், நம்ம முன்னாடி இருக்கறது நாலு வழி. சும்மா இருக்கறது ஒண்ணு. வெளிப்படையா ஒரு பக்கம் நிக்கிறது ரெண்டு. பேச்சு இல்லாம ஷெல்ஃப்ல மட்டும் சாமான மாத்திக்கிறது மூணு. கட்சிய விட்டுட்டு ஊர் காரியத்துல மட்டும் கைய குடுக்கறது நாலு. இதுல எது நல்லதுனு ஒரே வார்த்தையில சொல்றவன நம்பாதீங்க, ஏன்னா வந்திருக்கறது என்ன மாதிரி பிரச்சனைங்கறத பொறுத்து பதில் மாறும். ஆனா சில வழி எங்கயும் தேறாது, அதையும் சொல்லிடறேன்.

பக்கம் நிக்கிறதுல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா அதுலதான் ஆச அதிகம்.

கட்சிக்கொடி கட்டறது. கெடாவுல இருந்துக்கிட்டு இத செய்றதுக்கு தனி தைரியம் வேணும். கணக்க பாருங்க: 2008ல பாரிசான் கூட்டணி கிட்ட இருந்து மாநிலம் பாஸ் கட்சி கைக்கு போச்சு, 2013ல திரும்ப பாரிசான், 2018ல பக்காத்தான் கூட்டணி, 2020ல மறுபடி பாஸ், 2023 தேர்தல்ல பாஸ் இருக்கற பெரிக்காத்தான் கூட்டணிக்கு 36ல 33 சீட்டு. 12 வருஷத்துல நாலு தடவ ஆட்சி கைமாறி இருக்கு. இதுல முக்ரிஸ்ங்கற அரசியல்வாதி ரெண்டு வேற வேற கூட்டணியில மந்திரி பெசாரா, அதாவது மாநில முதலமைச்சரா, இருந்திருக்காரு. கட்சிக்காரங்களே எடம் மாறி உக்காந்துக்கறாங்க, நீங்க மட்டும் ஒரு பழைய பேனர சுவத்துல வச்சிக்கிட்டு எதுக்கு மாட்டிக்கணும்? பக்கத்துல புக்கிட் செலம்பாவ்ல 2009 இடைத்தேர்தல் நடந்தப்ப 15 பேர் நின்னாங்க, ஞாபகம் இருக்கா. அந்த நேரத்துல ஒரு வேட்பாளர் போஸ்டர ஒட்டினா மிச்ச 14 பேரோட மச்சான், பங்காளி, சம்பந்தி எல்லாருக்கும் ஒங்க மேல ஒரு கண்ணு விழுந்துரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரு ஒரு எலெக்‌ஷனுக்கு கடையவே கட்சிக்கு ஆபரேஷன் ரூமா (பிரசார ஆபீஸா) குடுத்தாரு, அந்த மாசம் பாத்தா வியாபாரம் பிரமாதம், டீயும் மீ கோரெங்கும் ஓடிச்சு. கட்சிக்காரங்க கெளம்பினதுக்கு அப்புறம்தான் பழைய பசியாற வர்ற கூட்டம் எதுத்த கடையில உக்காந்து பழகிட்டாங்கனு தெரிஞ்சுது. அவங்க யாரும் கோவத்துல போகல. அந்த ஒரு மாசம் உக்கார எடமில்ல, அவ்வளவுதான். கட்சியால போறதுல பாதி இப்படித்தான் போகும், கொள்கை சண்டையே இருக்காது.

ஆனா பக்கம் நிக்கிறதுன்னா கட்சி மட்டும் இல்லையே. சமுதாயப் பிரச்சன ஒண்ணு வரும்போது கடைக்காரன் நிக்காம இருக்க முடியுமா? இதுக்கு நம்ம ஊர் சரித்திரத்துலயே ஒரு பாடம் இருக்கு. 1946, 47ல பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்துல ஏ.எம். சாமி தலைமையில தொண்டர் படைனு ஒண்ணு கெளம்பிச்சு, தோட்டம் தோட்டமா போயி கள்ளு குடிக்காதீங்கனு சொல்லி கள்ளுக்கடை முன்னாடி மறியல் பண்ணாங்க, 1947 பிப்ரவரி கடைசியில பீடோங்லயே போலீசோட பெரிய மோதல் ஆச்சு, உயிரும் போச்சு. அதுக்கு முன்னாடியே 1941ல கிள்ளான் பக்கம் தொழிற்சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் காலத்து வேலைநிறுத்தத்துல வச்ச கோரிக்கையில கள்ளுக்கடைய மூடுங்கறது ஒண்ணு, தொர வந்தா சைக்கிள்ல இருந்து எறங்கி நிக்கணும்ங்கற வழக்கத்த நிறுத்துங்கறது இன்னொண்ணு. இத ஏன் இழுக்கறேன்னா, கள்ளு புளிச்சிப் போனதால அங்க ஆளு வராம போகல. வெல ஏறியும் இல்ல. வாசல்ல நம்ம லயத்து பசங்களே நின்னுக்கிட்டு இருந்தாங்க, உள்ள போறவன் மூஞ்சிய பாத்தாங்க. தோட்டத்து ஊர்ல ஒருத்தன் ஒரு கடைக்கு போறதும் போகாததும் அவன் மட்டும் எடுக்குற முடிவு இல்ல. யாரு பாக்குறாங்கங்கறதும் அதுல சேந்திருக்கு.

இத மனசுல வச்சிக்கிட்டு 2023 அக்டோபருக்கு அப்புறம் நடந்தத பாருங்க. காஸா போர் ஆரம்பிச்சதும் பாய்காட் பெருசா வந்துச்சு. ஸ்டார்பக்ஸ நம்ம நாட்டுல நடத்தற பெர்ஜாயா ஃபூட் கம்பெனிக்கு 2023 கடைசி மூணு மாசத்துல வருமானம் சுமாரா 183 மில்லியன் வெள்ளிக்கு (வெள்ளின்னா ரிங்கிட்) எறங்கிருச்சு, அதுக்கு முந்தின வருஷம் அதே மூணு மாசத்துல 295 மில்லியன். நட்டம் 42 மில்லியனுக்கு மேல. பெர்ஜாயா குழுமத்த ஆரம்பிச்ச வின்சென்ட் டான், கடையில வேல செய்றவங்கள்ல 80, 85 பர்சண்ட் முஸ்லிம் ஆளுங்கதான், பாய்காட் பண்ணா யாருக்கு நட்டம்னு கேட்டு பாத்தாரு. மெக்டோனல்ட்ஸ நடத்தற கம்பெனி வேற மாதிரி போச்சு, பாய்காட் இயக்கம் மேல 6 மில்லியன் வெள்ளி கேட்டு கேஸ் போட்டாங்க, 2024 மார்ச்ல வாபஸ் வாங்கிக்கிட்டாங்க. என்ன கேட்டா கேஸ் போட்டதுதான் ரெண்டுலயும் மோசமான யோசன. ஒங்க கடைக்கு வரமாட்டேன்னு சொல்றவன கோர்ட்டுக்கு இழுத்து வரவைக்க முடியுமா, இழுத்தத பாத்துக்கிட்டு இருக்கறவனும்ல சேந்து போவான். சின்னக் கடைக்காரங்க இதோட சின்ன சைஸ தெனமும் செய்றாங்க, ஃபேஸ்புக்ல ஒருத்தன் கடையப் பத்தி எழுதினா அவன் அப்பா பேரு வரைக்கும் இழுத்து பதில் போடறது. போடாதீங்க.

ஸ்டார்பக்ஸ் கதையில எனக்கு முக்கியமா படறது நட்டம் இல்ல. அதே நேரத்துல ஸூஸ் காப்பினு 2019ல ஆரம்பிச்ச லோக்கல் கடை வளந்து கெளை எண்ணிக்கையில ஸ்டார்பக்ஸ தாண்டிருச்சு. அவங்க வளந்ததுக்கு பாய்காட் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், வெல கம்மி, ஆப்ல ஆர்டர் பண்ணலாம். ஆனா கோவத்துல ஒரு கடைய விட்டவனுக்கு பக்கத்துலயே இன்னொரு கடை இருந்தா கோவம் தீந்தாலும் பழக்கம் திரும்பாது. மூணு மாசம் வேற எடத்துல காப்பி குடிச்சவனுக்கு அங்க இருக்கற பையன் பேரு தெரிஞ்சுரும், சீனி எவ்வளவுனு அந்தப் பையனுக்கும் தெரிஞ்சுரும். அதனால ஒங்களுக்கு என்ன ஆபத்துனு பாக்கணும்னா மொதல்ல எதுத்தாப்புல என்ன கடை இருக்குனு பாருங்க. ஊருக்கே ஒரு டயர் கடைன்னா தவுக்கே என்ன கட்சியா இருந்தாலும் லோரிக்காரன் வருவான். மளிகைக்கடை நாலு வரிசையா இருக்கற தெருவுல ஒரு மொறைப்பு போதும்.

இப்ப மூணாவது வழி, ஷெல்ஃப மாத்தறது. தமிழ்நாட்டுல 2017ல ஜல்லிக்கட்டு போராட்டம் முடிஞ்ச கையோட வணிகர் சங்கங்கள் மார்ச் 1ல இருந்து பெப்சி கோக் விக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க, எடத்துல லோக்கல் சோடா கலர் எல்லாம் வந்துச்சு. அது சங்கமா சேந்து செஞ்சது, தனிக்கடைக்கு பயம் இல்ல, எல்லாருமே நிறுத்தினா கஸ்டமரு எங்க போவான். இங்க அந்த மாதிரி சங்கம் பலமா இல்ல, அவனவன் தனித்தனியாதான் முடிவெடுக்கறான். நான் கணக்கு பாக்குற ஒரு மினி மார்க்கெட்ல பாத்தத சொல்றேன். பாய்காட் லிஸ்டுனு வாட்சப்ல சுத்தின சாமான்ல கண்ணாடி ஃப்ரிட்ஜ்ல முன்னாடி நிக்கிற பாட்டில் பானம்தான் நல்லா படுத்துச்சு, அதே லிஸ்டுல இருந்த சோப்புத்தூளும் குழந்த பாலும் எப்பயும் போல ஓடிச்சு. கையில புடிச்சிக்கிட்டு ரோட்டுல நடக்குற சாமானுக்கும் பைக்குள்ள போடற சாமானுக்கும் வித்தியாசம் இருக்கு. கள்ளுக்கடை வாசல்ல நின்ன பசங்க கத இப்பயும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

அந்த மினி மார்க்கெட் தவுக்கே செஞ்சது சரியான வேலனு நான் சொல்வேன். அவரு எதையும் தூக்கி எறியல, அறிக்க விடல. பக்கத்து வரிசையில லோக்கல் பானம் ரெண்டு மூணு கூட வச்சாரு, முன்னாடி இருந்தத கொஞ்சம் கீழ் தட்டுக்கு எறக்கினாரு. கேட்டவங்க கிட்ட "ரெண்டும் இருக்கு தம்பி, எது வேணும்"னு மட்டும் கேட்டாரு. மலாய்க்கார கஸ்டமரும் வந்தாங்க, ஏய்ம்ஸ்ட் யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைங்களும் வந்தாங்க, பழைய பானம்தான் வேணும்னு அடம்புடிக்கிற கிழவரும் வந்தாரு. இந்த வழியில செலவு கம்மி, திரும்பி வர்றதும் ஈஸி. இதுல இருக்கற ஒரே கொற, சாப்பாட்டுக் கடைக்கு இது ஒத்துவராது. மெனுவுல ரெண்டு பக்கமும் வைக்க முடியாதே.

சும்மா இருக்கறது பத்தி. பெரும்பாலானவங்க இததான் செய்றாங்க, பெரும்பாலான நேரம் இது போதும். காஸாவுக்கும் பார்லிமெண்டுக்கும் பீடோங் மளிகைக்கடை கருத்து சொல்லணும்னு யாரும் காத்திருக்கல. ஆனா ரெண்டு எடத்துல சும்மா இருந்தா கட அடி வாங்கும், அத நல்லா பிரிச்சி புரிஞ்சிக்கணும்.

ஒண்ணு, பிரச்சன நீங்க விக்கிற சாமான்லயே இருந்தா. 2014ல கேட்பரி சாக்லேட்ல பன்னி டிஎன்ஏ இருக்குனு சுகாதார அமைச்சு சொன்னப்ப கம்பெனி அந்த சரக்க உடனே வாபஸ் வாங்கிச்சு, கொஞ்ச நாள்ல அரசாங்கத்தோட இஸ்லாமிய விவகார இலாகா ஜாக்கிம் ஃபேக்டரி சாம்பிள டெஸ்ட் பண்ணி அப்படி ஒண்ணும் இல்லனு சொல்லிருச்சு. பாய்காட் பேச்சு பெருசா வந்தும் இன்னிக்கி அந்த சாக்லேட் எல்லா கடையிலயும் இருக்கு. 2024 மார்ச்ல கேகே மார்ட் கடையில 'அல்லா'னு அச்சடிச்ச காலுறை வித்த பிரச்சன வந்தப்ப, அவங்க மன்னிப்பும் கேட்டாங்க, ஆனா அதுக்குள்ள விஷயம் அரசியல்வாதிங்க கைக்கு போயிருச்சு. அம்னோ கட்சியோட யூத் பிரிவு பாய்காட்னு நின்னுச்சு, பீடோர், குவாந்தான், கூச்சிங் கடைங்க மேல பெட்ரோல் குண்டு வீசினாங்க, கோர்ட்ல கம்பெனிக்கும் சப்ளையருக்கும் தலா 60,000 வெள்ளி அபராதம். சப்ளையர் கொண்டாந்து மாட்டின சரக்கு அது. நம்ம ஊர்ல எத்தன கடையில சப்ளையர் லோரி வந்து எறக்கறத பெட்டிய பிரிச்சி பாக்குறாங்க? பொம்ம, சட்ட, ஸ்டிக்கர், சாமி படம் போட்ட பட்டாசு, எதுல என்ன அச்சடிச்சிருக்குனு பாக்காம தொங்கவிடறதுதான் வழக்கம். இந்த மாதிரி விஷயத்துல கருத்து, நிலைப்பாடு எல்லாம் கெடையாது. அன்னிக்கே எடுத்துட்டு, அன்னிக்கே சொல்லி, என்ன செஞ்சோம்னு கடை வாசல்ல எழுதி ஒட்டணும், மலாயிலயும் தமிழ்லயும். ரெண்டு நாள் யோசிக்கிறேன்னு இருந்தா ஒங்க கதைய வேற யாராவது எழுதிருவாங்க.

ரெண்டாவது, பிரச்சன மரியாதையப் பத்தி இருந்தா. இதுக்கு இந்தியாவுல சாப்பாடு டெலிவரி பண்ற ஸொமாட்டோ கம்பெனி கத எல்லாருக்கும் தெரியும். 2021 அக்டோபர்ல தமிழ்நாட்டு கஸ்டமர் ஒருத்தர் ஆர்டர்ல சாமான் கொறையுதுனு சாட்ல கேக்கறாரு, அந்தப் பக்கம் இருந்தவரு ஹிந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும்னு பதில் சொல்றாரு. ஒரு தட்டு சாப்பாட்டு பிரச்சன ஒரே ராத்திரியில மொழிப் பிரச்சன ஆயிருச்சு. கம்பெனி தமிழ்லயே மன்னிப்பு கேட்டுச்சு, தமிழ் ஆப் பண்றோம், கோயம்புத்தூர்ல கால் சென்டர் போடறோம்னு சொன்னாங்க. அந்த ஊழியர மொதல்ல தூக்கினாங்க, அப்புறம் திரும்ப சேத்துக்கிட்டாங்க. ஊழியர தூக்கினது எனக்கு புடிக்கல, திரும்ப சேத்தது புடிச்சிருந்துச்சு, கஸ்டமருக்கு வேண்டியது ஒருத்தனோட வேல போறது இல்லையே. அவரு கேட்டது என் பாஷையில எனக்கு பதில் சொல்லுங்கறதுதான், அத தமிழ்ல மன்னிப்பு கேட்டதே பாதி குடுத்துருச்சு.

நம்ம கடையில இது எப்படி வரும்னா இப்படி வரும். கவுண்டர்ல வேல செய்ற பையன் வங்காளதேசி தொழிலாளிய "டேய்"னு கூப்புடுவான். அவனும் கஸ்டமர்தான். இப்ப செம்பன (பாமாயில்) தோட்டத்துல வேல செய்றது யாரு, நம்ம ஆளுங்க பாதிக்கு மேல டவுனுக்கு போயாச்சு, இருக்கறது வங்காளதேசி, இந்தோ, நேப்பாளி. அவங்க சம்பளம் எடுத்தா அரிசி, எண்ண, போன் டோப்பாப்னு ரொக்கமா குடுக்கறாங்க, 555 புக்குல பாக்கி எழுதச் சொல்லமாட்டாங்க. ஆனா நம்ம பழைய கஸ்டமருங்க சிலருக்கு அவங்க கூட்டமா வந்து நிக்கிறது புடிக்காது, பேஸ்புக்ல வெளிநாட்டுக்காரங்களப் பத்தி ஏதாவது சூடா ஓடினா அன்னிக்கி இன்னும் முகம் சுளிப்பாங்க. இந்த எடத்துல தவுக்கே எந்தப் பக்கம்? நான் சொல்வேன், ரெண்டு பேருக்கும் ஒரே வெல, ஒரே க்யூ, ஒரே மரியாத, அது போதும். அதுல முகம் சுளிச்சி போறவங்க கொஞ்ச பேர்தான், போனாலும் பாதி பேரு பாக்கிக்காக திரும்பி வருவாங்க. மட்டமா நடத்தப்பட்ட தொழிலாளி ஒருத்தன் போனா குவாட்டர்ஸ்ல இருக்கற அத்தன பேரும் சேந்து போவாங்க, அடுத்த சம்பளத்துக்கு மொத்தமா வேற கடை வாசல்ல நிப்பாங்க.

இது சின்னக்கடை விஷயம் மட்டும் இல்ல. 2020 டிசம்பர் கடைசியில அமெரிக்கா சைம் டார்பி பிளாண்டேஷன் செம்பனை எண்ணைய உள்ள விடமாட்டேன்னு தட போட்டுச்சு, தோட்டத்துல கட்டாய உழைப்பு நடக்குதுங்கற புகார்ல. 2023 பிப்ரவரியிலதான் தட நீங்கிச்சு, அதுக்குள்ள வேலைக்கு வர ஏஜெண்டுக்கு கட்டின காச தொழிலாளிங்களுக்கு திருப்பிக் குடுத்தாங்க. தோட்டத்துக்காரனுக்கும் கஸ்டமர் போறது இந்தக் காரணத்துலதான்.

அடுத்தது அரசாங்கம் ஒரு முடிவெடுத்து ஒங்க வாசல்ல ஆள் நடமாட்டத்தையே மாத்தற கேசு. இதுக்கும் கருத்துக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா கடைக்காரங்க இததான் அரசியலா பேசி நேரத்த கழிக்கிறாங்க. கெடாவுல நம்பர் (லாட்டரி) கடைங்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டோம்னு 2021 நவம்பர்ல சொன்னாங்க, 2023 பொறந்ததோட கடை இல்ல. புதன், சனி, ஞாயிறு குலுக்கல் நாள்ல நம்பர் எடுக்க வந்தவங்க பக்கத்துல டீ குடிச்சாங்க, வெத்தல வாங்கினாங்க. எனக்கு நம்பர் புடிக்காது, அது வேற. ஆனா பக்கத்து டீக்கடை கணக்குல அந்த மூணு நாளும் மத்த நாள் மாதிரி ஆயிருச்சு. அந்த தவுக்கே ரெண்டு வருஷமா மந்திரி பெசாரத் திட்டிக்கிட்டே இருக்காரு. கேக்கறவங்க தலைய ஆட்டுவாங்க, ஒரு டீ குடிச்சிட்டு போயிருவாங்க. புதன்கிழமைக்கு ஒரு நாசி லெமாக் ஸ்பெஷல் போட்டிருந்தா கூட கொஞ்சம் கூட்டம் வந்திருக்கும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் சாரா காசு, அதாவது சாமான் வாங்க அரசாங்கம் குடுக்கற உதவி. 2025ல 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் 100 வெள்ளி, ஆகஸ்ட் 31ல இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும், ஐசிய (அடையாள அட்டைய) நீட்டி சாமான் வாங்கலாம், ஆனா பதிவு பண்ண கடையில மட்டும்தான். வீட்டுல நாலு பெரியவங்க இருந்தா 400 வெள்ளி. அந்த 400க்கு சுங்கைப்பட்டாணி சூப்பர் மார்க்கெட்டுக்கு போனவங்க அங்கயே மிச்ச சாமானயும் அள்ளிக்கிட்டு வந்தாங்க, நம்ம ரோட்டுல பதிவு பண்ணாத கடைங்க அந்த மாசம் ஈ ஓட்டுச்சு. "இதெல்லாம் ஓட்டுக்கு குடுக்கற காசு, எனக்கு வேணாம்"னு ஒரு கடைக்காரரு சொன்னாரு. அண்ணே, காசு ஒங்களுக்கு இல்ல, ஒங்க கஸ்டமருக்கு! அவரு யாருக்கு ஓட்டு போட்டாலும் அரிசி வாங்கித்தான் ஆகணும். கொள்கைய கல்லாப்பொட்டியில வச்சி பூட்டறது இதுதான். ஃபாரத்த நெரப்பி மெஷின வாங்கி வைங்க, பேச்ச சாயங்காலம் பேசிக்கலாம்.

வெல ஏத்தற விஷயத்தையும் இதோட சேத்து சொல்லிடறேன். 2024 ஜூன்ல டீசல் 2 வெள்ளி 15 காசுல இருந்து 3 வெள்ளி 35 ஆச்சு, 2025ல குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆச்சு, ரெண்டுக்கும் ரொட்டி சானாய் வெல ஏறிச்சு. கவர்மெண்ட் மேல பழிய போட்டு வெலப்பலக மாட்டறது எல்லா ஊர்லயும் நடக்குது. கஸ்டமருக்கு ஏத்துனது புரியும், அது கூட அரசியல் லெக்சர் வாங்கத்தான் புடிக்காது. முன்கூட்டியே ஒரு வாரம் சொல்லிட்டு 20 காசு ஏத்துங்க, யாரையும் திட்ட வேணாம்.

நாலாவது வழிக்கு வர்றேன், ஊர் காரியம். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு தண்ணி பாக்கெட், துக்க வீட்டுக்கு நாக்காலி, தைப்பூசத்துக்கு மோர். இத செய்ற கடைங்கதான் பாய்காட், எலெக்‌ஷன், கொரோனா எல்லாத்தையும் தாண்டி நின்னுச்சு, என் கணக்குப் புத்தகத்துல அது அப்பட்டமா தெரியும். 2021 ஜனவரியில கெடாவுல தைப்பூச லீவ ரத்து பண்ணப்ப ஊரே கொதிச்சுது. அப்ப ஒரு சீனத் தவுக்கே தன் கடையில வேல செய்ற நம்ம பிள்ளைங்களுக்கு சத்தமில்லாம சம்பளத்தோட லீவு குடுத்தாரு, அறிக்க எதுவும் இல்ல, படம் எடுத்து போடல. அந்தப் பிள்ளைங்க குடும்பம் இன்னிக்கும் அங்கதான் சாமான் வாங்குது. எந்தக் கட்சிக்காரனும் அவர எதுவும் கேக்க முடியாது, ஆனா எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது வழியில கெடைக்கற நன்ம முக்காவாசி இதுல செலவில்லாம வந்துருது.

ஆனா இதையும் கண்ண மூடிக்கிட்டு செய்யக்கூடாது, ஏன்னா கோயில் இருக்கே கோயில். தோட்டத்து ஊர்ல மாநில அரசியல விட ஆபத்தானது கோயில் கமிட்டி அரசியல். பழைய தலைவர் ஒரு பக்கம், புது தலைவர் ஒரு பக்கம், ரெண்டு ரசீது புக்கு, ரெண்டு திருவிழா நோட்டீசு. யாருக்கு 500 வெள்ளி எழுதறீங்களோ அந்த எதிர்ப்பக்கத்து குடும்பம் எல்லாம் ஒங்க கடைய தாண்டி நடக்கும், அதுக்குள்ள ஜாதியும் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கும், யாரும் வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. ஒரு பூக்கடைக்காரம்மா இதுல பாதி வியாபாரத்த ஒரு பங்குனி உத்திரத்துல எழந்தாங்க. மலாய்க்கார கஸ்டமர் பாய்காட்ல போனா ஆறு மாசத்துல திரும்புவாங்கனு எதிர்பாக்கலாம், கோயில் சண்டையில போனவங்க பிள்ள கல்யாணத்துக்கு கூட பூ வாங்க வரமாட்டாங்க. இதுக்கு அந்தம்மா இப்ப வச்சிருக்கற ஏற்பாடு எனக்கு புடிச்சிருக்கு: காசா யாருக்கும் குடுக்கறதில்ல, எந்த கமிட்டியா இருந்தாலும் சாமிக்கு மால மட்டும். மாலைக்கு ரசீது கெடையாது, தலைவர் பேரும் கெடையாது.

அப்ப எத எடுக்கறது? சாமான்ல பிரச்சனைனா அன்னிக்கே வாயத் தொறக்கணும். ஒங்க கடைக்குள்ள ஒருத்தர மட்டமா நடத்தியிருந்தா அவங்க பாஷையிலயே மன்னிப்பு கேட்டு சரி பண்ணணும், இதுல சும்மா இருக்கறது கொடி கட்டறத விட கேடு. தூரத்து போருக்கும் உலகப் பிரச்சனைக்கும் மளிகைக்கடைன்னா ஷெல்ஃப், சாப்பாட்டுக் கடைன்னா மௌனம், ஒங்க மனசு கேக்கலைனா ஒங்க சொந்தக் காசுல ஒங்க சொந்தப் பேர்ல உதவி பண்ணுங்க, கடை பேர இழுக்காதீங்க. கட்சிக்கு எந்தக் கடையா இருந்தாலும் வேணாம், டயர் கடைக்காரரு வேணும்னா கட்டிக்கலாம், ஊருக்கே ஒருத்தர்தான், அவர யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

அப்புறம் போஸ்டரோட வாசல்ல நிக்கிற அந்த மொத ஆளுக்கு என்ன சொல்றதுனு கேப்பீங்க. மினி மார்க்கெட் தவுக்கே கடைக்கு வெளிய, அஞ்சடி தள்ளி, ஒரு பலக நட்டு வச்சிருக்காரு. வீடு வாடகைக்கு, பூன காணோம், டியூஷன், கட்சிக் கூட்டம், எல்லாம் அதுலதான். யார் வேணா ஒட்டலாம், மாசம் பொறந்தா எல்லாத்தையும் கிழிச்சிருவாரு. கண்ணாடியில எதுவும் ஒட்ட விடறதில்ல. வர்றவங்களும் சரினு அங்க போய் ஒட்டிட்டு, வந்ததுக்கு ஒரு ஐஸ் காப்பி பாக்கெட் வாங்கிக்கிட்டு போறாங்க.